ஒரு தாய் எழுப்பிய கேள்வி

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. எனும் கிருமியே காரணமாகும். ஆனால், கருப்பை வாயிலும் அதனை அடுத்துள்ள பிறப்புறுப்புப் பாதையிலும் அரிதாகத் தோன்றும் மற்றொரு வகையும் உண்டு. நுண்ணோக்கியில் அதன் உயிரணுக்கள் பல நிறமற்றுத் தெரிவதால், அதனைத் 'தெளிந்த உயிரணுப் புற்றுநோய்' என்பர்.

1966 முதல் 1969 வரை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழு இளம்பெண்களுக்குப் பிறப்புறுப்புப் பாதையில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அவர்களுள் ஆறு பேருக்கு இருந்தது இந்த அரிய வகையாகும். அவர்கள் அனைவரும் 15 முதல் 22 வயதுக்கு உட்பட்டவர்கள். அவ்வளவு இளம் வயதில் இந்நோய் வந்தது ஏன் என்று மருத்துவர்களுக்கு விளங்கவில்லை.

அப்போது ஒரு பெண்ணின் தாய், தாம் கருவுற்றிருந்தபோது உட்கொண்ட மருந்து காரணமாக இருக்குமோ என்று வினவினார். அம்மருந்தின் பெயர் டி.இ.எஸ். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, மருத்துவர்கள் அதனைப் பல பெண்களுக்குக் கொடுத்து வந்தனர். அதனால் பயனில்லை என்று 1953ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வு காட்டியிருந்தும், அதன் பயன்பாடு நிற்கவில்லை.

அத்தாயின் ஐயத்தை மருத்துவர்கள் புறக்கணிக்கவில்லை. டாக்டர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட் குழுவினர், நோயுற்ற எட்டுப் பெண்களின் தாய்மார்களை விசாரித்தனர். அவர்களுள் எழுவர் அம்மருந்தை உட்கொண்டிருந்தனர். நோயற்ற 32 பெண்களின் தாய்மார்களையும் விசாரித்தனர். அவர்களுள் ஒருவர்கூட அதனை உட்கொண்டதில்லை. இம்முடிவு 1971 ஏப்ரலில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில், கர்ப்பிணிகளுக்கு அம்மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு எச்சரித்தது.

காரணம் தெரிந்ததும், நோயைத் தேடிக் கண்டறியும் வழியும் பிறந்தது. அம்மருந்தை உட்கொண்ட தாய்மார்களின் மகள்களில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே இந்நோய் வரும். எனினும், அவர்கள் அனைவரும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்பட்டனர். மருத்துவர்கள் உருப்பெருக்கிக் கருவியால் கருப்பை வாயைப் பார்வையிடுவர். ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பர். நோய் உறுதியானால், அறுவை சிகிச்சையின் மூலம் கட்டியை அகற்றுவர். தேவைப்பட்டால் கதிரியக்கச் சிகிச்சையும் அளிப்பர். தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டவர்களுள் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கின்றனர்.

மருத்துவ நூல்களில் இல்லாத விடை ஒரு தாயின் நினைவில் இருந்தது. அவர் தயங்காமல் கேட்டதும் மருத்துவர்கள் செவிசாய்த்ததும் பல உயிர்களைக் காத்தன. மருத்துவரிடம் நம் உடல்நிலையையும் உட்கொண்ட மருந்துகளையும் மறைக்காமல் கூறுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.