எஸ்.பி.எம். ஆங்கிலம்: அணிகளும் கட்டுரையும்

ஐந்தாம் படிவத்தில் பயிலும் தோட்டத்து மாணவர் சிலர் ஆங்கிலப் பாடத்தை இறுதி மாதங்களில் கைவிட்டுவிடுகின்றனர். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். ஆங்கிலத்தில் அவ்வாறில்லை என்பது அவர்கள் கூறும் காரணம். காரணம் உண்மைதான், எடுக்கும் முடிவுதான் தவறு. பின்னர் நாடிச் செல்லும் கல்லூரியும் வேலை தரும் நிறுவனமும் அச்சான்றிதழில் ஆங்கிலத்திற்கு எதிரே உள்ள எழுத்தையும் பார்க்கும். ஆகவே இப்பாடத்தைப் பெற்றோரும் பிள்ளைகளுடன் அமர்ந்து படிக்க வேண்டுகிறோம். ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவலாம். எவ்வாறு என்பது பின்னர் விளங்கும்.

முதலில் இலக்கியச் சொற்களைக் காண்போம். இவை ஆங்கில இலக்கியத்தைத் தனிப்பாடமாக எடுப்போர்க்கு இன்றியமையாதவை; மற்றவர்க்கும் கட்டுரை எழுதத் துணை புரிவன. தமிழ் இலக்கணம் பயின்ற மாணவர் இவற்றைப் புதியவை என அஞ்ச வேண்டியதில்லை. சிமிலி என்பது நம் உவமை; மெட்டஃபர் என்பது உருவகம். 'போல' என்னும் உவமவுருபு தமிழில் செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'லைக்', 'ஆஸ்' என்னும் சொற்கள் செய்கின்றன. ஆனால், 'லைக்' வரும் இடமெல்லாம் உவமை அன்று. 'ஐ லைக் டீ' என்பதில் அது விருப்பத்தைக் குறிக்கிறது. 'தம்பி அண்ணனைப் போல உயரமானவன்' என்பதும் வெறும் ஒப்பீடே. வேறு வேறு இனப் பொருள்களை இணைத்துக் காட்டும்போதுதான் உவமை பிறக்கிறது.

நம் மாணவர் இடறும் இடங்கள் வேறு. பெர்சோனிஃபிகேஷன் என்பதைத் தற்குறிப்பேற்ற அணி என்று பலர் எழுதிவைத்துக்கொள்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. மதுரை மதிலின் கொடிகள் காற்றில் அசைவதை, கோவலனை 'வாராதே' எனத் தடுப்பதாகக் காட்டுகிறது சிலப்பதிகாரம். இயல்பாக நிகழும் அசைவுக்குப் புலவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். அதனால் அது தற்குறிப்பேற்றம். ஆங்கிலத்தில் அவ்வளவு தேவையில்லை. காற்று அழுதது, கதவு முனகியது என மனிதச் செயலை அஃறிணைக்குக் கொடுத்தாலே பெர்சோனிஃபிகேஷன் ஆகிவிடும்.

ரைம் என்பதை எதுகை எனக் கொள்வதும் பிழை. எதுகை இரண்டாம் எழுத்தின் ஒற்றுமை. ரைம் அடிகளின் இறுதியில் ஒலி ஒன்றுவது. நம் இலக்கணத்தில் அதற்கு நெருங்கிய சொல் இயைபு. அல்லிட்டரேஷன் மோனைக்கு நெருக்கமானது. எனினும் அங்கே கணக்கு எழுத்தில் அன்று, ஒலியில். 'கேட்', 'சிட்டி' ஆகிய இரு சொற்களையும் ஆங்கிலேயர் ஒரே எழுத்தில் தொடங்கி எழுதுகின்றனர். ஆயினும் ஒலி வேறாதலின் அங்கே அல்லிட்டரேஷன் இல்லை.

இன்னொன்று தீம், அதாவது கருத்து. கதை எதைப் பற்றியது என்பது வேறு. அதைக் குறித்து என்ன சொல்கிறது என்பது வேறு. வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட 'எ பாய்சன் ட்ரீ' என்னும் சிறு கவிதையில், பகைவன்மீது கொண்ட சினம் ஒரு மரமாக வளர்கிறது. அச்சத்தாலும் கண்ணீராலும் அதற்கு நீர் பாய்ச்சப்படுகிறது; போலிப் புன்னகை அதற்கு வெயிலாகிறது. அது பழுக்க, திருடித் தின்ற பகைவன் மரத்தடியில் மடிந்து கிடக்கிறான். 'இதன் தீம் சினம்' என்று எழுதினால் விடை பாதிதான். 'வெளியிடாமல் மறைத்து வளர்க்கும் சினம் அழிவைத் தரும்' என்பதே முழு விடை. கவிதை முழுதும் ஒரே உருவகம் தொடர்வதையும் சுட்டலாம். மரம் வளர்த்துப் பழகிய நம் மக்களுக்கு இதை விளக்க ஆசிரியர் வேண்டியதில்லை!

இனிக் கட்டுரை. 2021 முதல் நடப்பிலுள்ள எழுத்துத் தாளுக்கு ஒன்றரை மணி நேரம். முதற்பகுதி, வந்த மின்னஞ்சலுக்கு ஏறத்தாழ 80 சொற்களில் மறுமொழி. இரண்டாவது, கொடுத்த குறிப்புகளைக் கொண்டு 125 முதல் 150 சொற்களில் கட்டுரை. மூன்றாவது, தாமே தேர்ந்து 200 முதல் 250 சொற்களில் எழுதுவது. மூன்றுக்கும் 20 புள்ளிகளே. நீண்ட கட்டுரைக்கே நேரத்தையெல்லாம் கொடுத்து, மின்னஞ்சலை இரண்டு வரியில் முடிப்பது பெரும் நட்டம்.

ஓர் எடுத்துக்காட்டு. 'நான் அறிந்த ஒரு சாலை' என்பது தலைப்பு. ஜார்ஜ் டவுனின் டத்தோ கிராமாட் சாலையை எடுத்துக்கொண்டோம் எனக் கொள்வோம். 'பினாங்கு அழகான இடம், மக்கள் நல்லவர்கள்' என்று தொடங்கினால் எந்த ஊருக்கும் அது பொருந்தும். இதையே மாற்றி, கொம்தார் பக்கம் தொடங்கும் சாலை ஆயர் ஈத்தாம் சாலையாகப் பெயர் மாறும்வரை நடந்து செல்வதுபோல் எழுதலாம். பாடாங் பிரவுன் திடலருகே உணவுக்கடைகளின் புகை. முன்பு ஈய உருக்காலை இயங்கிய நிலத்தில் இன்று நிற்கும் டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம். அருகே 1929இல் கலைஞர் பி. ரம்லி பிறந்த வீடு. உலையின் வெப்பம் இருந்த இடத்தில் இன்று குளிர்சாதனக் காற்று என ஒரு முரணைச் சுட்டினால், அதுவே அணி. நடந்த வழியே பத்திகளின் ஒழுங்கையும் தந்துவிடும்.

பெற்றோரின் உதவி இங்கேதான் வேண்டும். 'என் தந்தை தோட்டத்தில் கடுமையாக உழைக்கிறார்' என்று பிள்ளை எழுதினால், தமிழிலேயே கேளுங்கள்: எத்தனை மணிக்குப் பெரட்டு? விடியுமுன் வெட்டுவது ஏன்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்றும், பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மங்கில் சேராது என்றும் நீங்கள் சொன்னால், எந்த வழிகாட்டி நூலிலும் கிடைக்காத இரண்டு வாக்கியங்கள் அவனுக்குக் கிடைத்துவிடும். ஆங்கிலப்படுத்துவது அவன் வேலை.

எழுதி முடித்தபின் ஐந்து நிமிடமாவது ஒதுக்கி மூன்றை மட்டும் பார்க்கட்டும். தமிழில் இல்லாத 'எ', 'தி' விடுபட்டனவா? 'மை ஃபாதர்' என்று தொடங்கி நிகழ்காலத்தில் எழுதும்போது, வினையின் இறுதியில் வரவேண்டிய 'ஸ்' உள்ளதா? நேற்று நடந்ததைச் சொல்லும் கதை நடுவில் நிகழ்காலத்துக்குத் தாவியதா? தாம் எழுதியதை வாய்க்குள் மெல்லப் படித்தால் இவற்றுள் பல தாமே காதில் உறுத்தும்.