ஏர் இழுத்தவரைத் தாண்டிப் போகாதீர்கள்

கஷ்டப்பட்டவர்களின் தன்வரலாற்றை எப்படி வாசிக்கக் கூடாது என்பதை ஓசூரில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் நேரிலேயே பார்த்தேன். தலித் கவிஞர் சித்தலிங்கையா கன்னடத்தில் எழுதி, பாவண்ணன் தமிழாக்கிய தன்வரலாறு ‘ஊரும் சேரியும்’ பற்றிப் பேச அழைத்திருந்தார்கள். ஏர் இழுக்கும் காட்சியைச் சொல்லத் தொடங்கியதுமே, நடத்தியவர் குறுக்கிட்டார்: “சோகத்தை விடுங்கம்மா. அவர் எப்படிப் படிச்சு முன்னுக்கு வந்தாருன்னு சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு உதவும்.” மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். செய்தது சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் காட்சி இதுதான். நிலக்காரரின் வயலில் மாட்டுக்குப் பதில் இரண்டு பேர் தோளில் நுகத்தடியோடு ஏர் இழுக்கிறார்கள். இன்னொருவர் பின்னால் மேழி பிடித்து வருகிறார். இழுக்கும் இருவரில் ஒருவர் சித்தலிங்கையாவின் அப்பா. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்த மகன் பிறகு பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் கன்னடப் பேராசிரியர் ஆனார், சட்ட மேலவைக்குப் போனார். 2021இல் கொரோனாவில் இறந்தபின் பத்மஸ்ரீயும் வந்தது. எல்லாம் சரி. ‘உழைத்தால் உயரலாம்’ என்று புத்தகத்தை மூடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த அப்பா உழைக்கவில்லையா? அவரை ஏன் யாரும் உயர்த்தவில்லை? இந்தக் கேள்வியைத் தவறவிட்டால் புத்தகம் முழுவதும் வீண். மற்றப் பிழைகளையெல்லாம் இரண்டாம் வாசிப்பில் சரிசெய்துகொள்ளலாம்.

நீங்கள் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவராக இருந்தால், கம்பெனி பஸ்ஸில் நாலு பக்கம் படித்தால் போதும். பின்னட்டையையும் முன்னுரையையும் கடைசியில் பாருங்கள். சித்தலிங்கையா பசியைக்கூடச் சிரிப்போடு சொல்வார், அங்கே தயங்காமல் சிரியுங்கள். அவருடைய கவிதைகளையும் விடாதீர்கள். முதல் தொகுப்பு ‘ஹொலெ மாதிகர ஹாடு’ 1975இல் வந்தது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் நம் சூளகிரியில் கன்னடம் தெரிந்தவருக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டுக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். பாட்டாகக் கேட்டால்தான் அதன் கோபம் புரியும்.

வீட்டில் சத்தமாகப் படியுங்கள். இதை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். என் அம்மா கூலிக்குக் கொத்தமல்லி பிடுங்கியவர். விடியுமுன் மார்க்கெட்டுக்கு வண்டி கிளம்பிவிடும். அதற்குள் வேரில் செம்மண் அப்பிய கட்டுகளைத் தண்ணீரில் நனைத்து அடுக்க வேண்டும். விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதெல்லாம் எனக்குத் தெரியும். நுகத்தடிப் பக்கத்தைப் படித்துக் காட்டிய ராத்திரிதான், தெரியாத ஒன்றைச் சொன்னார்: “கூலி வாங்கப் போனா திண்ணைக்குக் கீழ நிக்கணும். காசைக் கையில குடுக்க மாட்டாங்க, படியில வெப்பாங்க.” இத்தனை வருஷம் இதை அவர் வாய்திறந்து சொன்னதே இல்லை. ‘முன்னேறிய கதை’ கேட்கிற எந்தக் கூட்டத்திலும் சொல்லியிருக்கவும் மாட்டார்.

இப்படி ஏதாவது கேட்டால் அன்றைக்கே எழுதி வையுங்கள்: யாருடைய நிலம், என்ன கூலி, எந்தத் திண்ணை. எழுத்தாளர் பாமா 1992இல் தன்வரலாறான ‘கருக்கு’ வெளியிட்டபோது தன் சனங்களின் பேச்சிலேயே அதை எழுதியிருந்தார். நீங்களும் உங்கள் அம்மா சொன்னபடியே எழுதுங்கள். திருத்தி நல்ல தமிழாக்குகிறேன் என்று யார் கேட்டாலும் நோட்டைக் கொடுக்காதீர்கள்.