நாளுக்கு ஒரு பாத்தி

பெரிய கைவேலையைத் தொடங்குவோர் பலர்; முடிப்போர் சிலர். நம் இல்லத்துப் பெட்டிகளில் பாதியில் நின்றவை எத்தனையோ உள்ளன. என் பெட்டியிலும் ஒன்று இருந்தது. பேத்திக்கென 2019ஆம் ஆண்டு குறுக்குத் தையலில் தொடங்கிய மயில் படம் அது. கழுத்தும் தோகையும் கூடுமிடத்தில் ஒரு கட்டம் பிசகியிருக்கக் கண்டு, மனம் சோர்ந்து மடித்து வைத்தேன். பின்னர்க் கண்ணில் புரை வளர்ந்தது. அறுவை முடிந்து வீடு திரும்பியபோது பேத்தி, "பாட்டி, மயிலுக்குத் தோகை எப்போது முளைக்கும்?" என்று கேட்டாள். அவ்வினாவே இப்பாடத்திற்குக் காரணம்.

முதலில் கணக்கு. என் மேட்டித் துணியில் அங்குலத்திற்கு 14 கட்டங்கள். படம் 10 அங்குல அகலம், 15 அங்குல உயரம். ஆகவே 140 x 210 = 29,400 தையல்கள். இவ்வெண்ணைக் கேட்டால் மலைப்பு உண்டாகும். ஆனால் பத்துக்குப் பத்தாகப் பிரித்தால் 294 பகுதிகளே. ஒவ்வொன்றையும் ஒரு பாத்தி என்போம். நாளுக்கு ஒரு பாத்தி எனில், பத்துத் திங்களுக்குள் பணி நிறைவுறும்.

இனிச் செய்முறை:

1. படத்தின் அளவுக்கு மேல் நாற்புறமும் மூன்று அங்குலம் துணி விடுக. ஓரம் பிரியாதவாறு மடித்துத் தைக்க.

2. துணியை நான்காக மடித்து நடுப்புள்ளியைக் காண்க. அங்கிருந்து பத்துக் கட்டங்களுக்கு ஒரு முறை வெளிர் நிற நூலால் ஓட்டுத்தையல் இடுக. எண்ணிக்கைப் பிழையை உடனே காட்டிக்கொடுக்கும் வேலி இதுவே. நான் இவ்வேலியை இடாததனாலேயே இடர்ப்பட்டேன்.

3. ஆறிழை நூலில் ஈரிழை எடுத்துத் தைக்க. மேலிழை எங்கும் ஒரே திசையில் சாய்தல் வேண்டும்.

4. முடிந்த பாத்தியைக் கட்டத்தாளில் பென்சிலால் நிழலிடுக. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தால் கை சோராது.

5. பிழை கண்டால் அன்றே பிரிக்க. நான் ஏறத்தாழ எழுநூறு தையல்களைப் பிரித்தேன். அதற்கு ஒரு வாரம் ஆயிற்று. ஆனால், பெட்டியில் கிடந்த ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஒரு வாரம் பெரிதன்று.

எண்ணித் தைக்கும் கலை நமக்குப் புதிதன்று. நீலகிரியில் வாழும் தோடர் குலப் பெண்கள், பூத்துக்குளி என்னும் வெண்ணிறப் போர்வையில் செந்நூலும் கருநூலும் கொண்டு பூவேலை செய்கின்றனர். அது குறுக்குத் தையல் அன்று. நெய்த இழைகளை எண்ணி ஊசி கோப்பது. துணியின்மேல் வரைபடமும் இல்லை. இழுத்துக் கட்டும் சட்டமும் இல்லை. எண்ணும் கண்ணும் பழகிய கையுமே துணை. இக்கலைக்கு 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது.

எழுபதைக் கடந்த எனக்கு விளக்கொளியில் தைக்க இயலவில்லை. திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் காலை வெயில் விழும் ஒரு மணி நேரமே என் தையல் பொழுது. கண் ஒத்துழையாத நாளில் அரைப் பாத்தி. அதுவும் இயலாத நாளில் ஒரு வரிசை. துணியை எடுக்காமல் மட்டும் இருப்பதில்லை. 233 பாத்திகள் முடிந்தன. தோகையில் 61 எஞ்சியுள்ளன.

பயிற்சி: உங்கள் பெட்டியில் பாதியில் நிற்கும் வேலையை எடுங்கள். எஞ்சிய தையல்களை எண்ணி நூறால் வகுத்து, வரும் விடையை நாட்காட்டியில் குறியுங்கள். பின்னர், இன்றே ஒரு பாத்தி தையுங்கள்.