கால்குலேட்டரில் வர்க்கமூலம்: 5க்குப் பதில் 13 ஏன்?

பள்ளியில் படிக்கும் என் மகள் ஒரு கணக்குடன் வந்தாள். எக்ஸின் வர்க்கத்துடன் 16ஐக் கூட்டி, கூட்டுத்தொகைக்கு வர்க்கமூலம் காண வேண்டும். எக்ஸின் மதிப்பு 3. விண்டோஸ் கால்குலேட்டரில், ஸ்டாண்டர்ட் மோடில், 3 × 3 + 16 என டைப் செய்து √ பட்டனையும், பிறகு = பட்டனையும் அழுத்தினேன். விடை 13.

"புத்தகத்தில் 5 என்று இருக்கிறதே அப்பா" என்றாள்.

"அச்சுப்பிழையாக இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

பிழை என்னுடையதுதான். √ பட்டன், அப்போது திரையில் உள்ள எண்ணுக்கு மட்டுமே மூலம் காணும். அதனால் 16ஐ 4 ஆக்கி, 9உடன் கூட்டிவிட்டது.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள்: 3 × 3 + 16 கொடுத்து, முதலில் = அழுத்துங்கள். 25 வரும். பின்னர் √ அழுத்தினால் 5 கிடைக்கும். சயின்டிபிக் மோடில் (3 × 3 + 16) என அடைப்புக்குறிக்குள் கொடுத்து √ அழுத்தலாம்.

இன்னொன்று. எக்ஸிலிருந்து 4ஐக் கழித்து மூலம் காணும் கணக்கில், எக்ஸுக்கு 3 கொடுத்தால் உள்ளே −1 வரும். கால்குலேட்டர் விடைக்குப் பதில் பிழைச் செய்தி காட்டும். பயப்படாதீர்கள், கம்ப்யூட்டர் கெட்டுவிடவில்லை. மைனஸ் எண்ணுக்கு மெய்யெண்ணாக வர்க்கமூலம் கிடையாது.

மறுநாள் காலை, புத்தகம்தான் சரி என்று மகளிடம் ஒப்புக்கொண்டேன்.