கைக்குழந்தையோடு 7.20 மெட்ரோ

பிரசவ விடுப்பு முடியப்போகிற வாரத்தில் எல்லாரும் கடைக்கு ஓடுகிறார்கள். பால் பாட்டிலுக்கு ஒரு பை, டயப்பருக்கு ஒரு பை, மடக்கும் ஸ்ட்ரோலர். முதலில் போக வேண்டிய இடம் மேலாளரின் அறை.

அங்கேயும் பலர் "கொஞ்சம் லேட்டா வரட்டுமா சார்?" என்று கேட்டு ஏமாறுகிறார்கள். சென்னை மெட்ரோவில் காலை நெரிசல் நேரம் 8 முதல் 11 வரை, மாலையில் 5 முதல் 8 வரை. பத்தரைக்கு வந்தாலும் கூட்டத்தில் நசுங்கித்தான் வருவீர்கள். சீக்கிரம் வந்து சீக்கிரம் கிளம்பக் கேளுங்கள். 7.20-க்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கும்; நாலரைக்கு எழுந்துவிடலாம். கிரெச் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று விசாரித்துவிட்டுப் பேசுங்கள். ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள் என்றால் இந்தக் கணக்கே செல்லாது.

கேட்கக் கூச்சமாக இருக்கிறதா? 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி இருந்தாக வேண்டும். நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளையும் உண்டு. எல்லாம் சட்டத்தில் இருப்பவை, யாரும் மனமிரங்கித் தருபவை அல்ல.

இனி ஸ்ட்ரோலர். 26 வார விடுப்பில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்திருந்தால், திரும்பும்போது குழந்தைக்கு நான்கு மாதம் சொச்சம். கழுத்து நின்றிருக்கும், உட்கார வராது. அந்த வயதுக்கு மார்போடு கட்டும் கேரியர்தான் என் கட்சி. மூக்கு துணியில் அழுந்தாமல், தாடை நெஞ்சில் கவியாமல், குனிந்தால் முகம் தெரியும்படி கட்டுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்கும்.

நான் முதல் நாள் ஸ்ட்ரோலரோடுதான் போனேன். நிலையத்தின் வாசலில் எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஸ்ட்ரோலரை ஏற்றக் கூடாது. "லிஃப்ட் எதிர்ப் பக்கம்மா" என்றார் காவலாளி. எதிர்ப் பக்கம் என்றால் சாலைக்கு அந்தப் பக்கம். கடந்து போவதற்குள் ஒரு லாரி ஹாரன் அடித்து, அரைமணி நேரம் ஆட்டித் தூங்கவைத்தவனை எழுப்பிவிட்டது. கீழே இறங்கினால் டிக்கெட் தளத்திலிருந்து நடைமேடைக்கு இன்னொரு லிஃப்ட், அது மறுகோடியில். ஆகவே வேலைக்குச் சேரும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், எந்த வாசலில் லிஃப்ட் என்று பார்த்து வந்துவிடுங்கள்.

சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரம் கண்ணாடிக் கதவு இருப்பதால் பயமில்லை. உள்ளே ஏசிதான் சிக்கல்: வெயிலில் வியர்த்த குழந்தைக்குச் சில்லென்று அடிக்கும். ஒரு காட்டன் துண்டு, சாக்ஸ் போதும். கிண்டியில் புறநகர் ரயிலிலிருந்து மாறுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே இடைவெளியும் உண்டு, ரயில் நிற்பதும் சில நொடிதான். கூட்டம் முண்டினால் அடுத்த வண்டிக்கு விடுங்கள். மகளிர் பெட்டியில் அப்பா ஏற முடியாது. அவர் தூக்கிப்போகும் நாளில் பொதுப்பெட்டிதான்.

கறந்த தாய்ப்பால் அறை வெப்பத்தில் 4 மணி நேரம் தாங்கும் என்பார்கள். அந்த அறை வெப்பம் சுமார் 25 டிகிரி. சென்னையின் மே மாதம் அந்தக் கணக்கில் வராது. ஐஸ் பேக் வைத்த பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். பாதுகாப்புச் சோதனையில் பை எக்ஸ்ரேக்குள் போனால் பால் கெடாது.

பக்கத்து இருக்கைப் பாட்டி கன்னத்தைக் கிள்ளக் கை நீட்டுவார். "இப்பத்தான் தூங்கினான் பாட்டி" என்றால் கை தானாகப் பின்வாங்கும். கண் திறந்திருந்தால் வேறு வழியில்லை, கிள்ளு வாங்கியே ஆக வேண்டும்.

மாலைக்கு ஒரு தந்திரம். அலுவலகக் காலண்டரில் "குழந்தையை அழைக்க" என்று போடாதீர்கள். "அஞ்சே நிமிஷம்மா" என்று உட்காரவைத்துவிடுவார்கள். "4.40 ரயில்" என்று போடுங்கள். மெட்ரோ சில நிமிஷத்துக்கு ஒன்று வருவது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ரயில் என்றதும் ஏனோ வழிவிடுகிறார்கள்.