மனை விலை சரியுமா? – ஒரு பொருளியல் நோக்கு

"மண்ணிலே போட்ட காசு வீண் போகாது" என்பது நம் பக்கத்துப் பெரியவர்களின் வாக்கு. சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போன ஆண்டில் கையில் மிஞ்சிய பணம், சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம், மரச்சிற்பக் கூடத்தில் உளி பிடித்துச் சேர்த்த பணம் ஆகிய யாவும் இறுதியில் சென்று சேருமிடம் ஒரு மனையாகவே இருக்கிறது. மகளின் திருமணமும் மகனின் படிப்பும் அந்த மனையை நம்பியே திட்டமிடப்படுகின்றன.

இதற்கு மாறான குரலும் இன்று கேட்கிறது. "இவ்வளவு ஏறியது ஒருநாள் சரிந்தே தீரும், அமெரிக்காவில் நடந்தது இங்கும் நடக்கும், அதுவரை வாங்காதே" என்கின்றனர் சிலர். வகுப்பறையிலும் விடுதியிலும் இவ்விரு கட்சிகளும் ஓயாமல் வாதிடுகின்றன. இவ்வாதத்தை உணர்ச்சியின்றிப் பொருளியல் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எந்த விலை?

விலை சரியுமா என்று கேட்குமுன், எந்த விலை என்று கேட்டல் வேண்டும். ஒரு மனைக்கு மூன்று விலைகள் உண்டு. முதலாவது, பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பு. இரண்டாவது, உரிமையாளர் வாயால் சொல்லும் விலை. மூன்றாவது, பணம் உண்மையில் கைமாறும் விலை. டீக்கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது விலையே. "பக்கத்து மனைக்குப் பத்து இலட்சம் சொல்கிறார்கள்" என்பதற்கும், "பத்து இலட்சத்துக்கு விற்றது" என்பதற்கும் உள்ள வேற்றுமை பெரிது.

தேசிய வீட்டுவசதி வங்கி 2007ஆம் ஆண்டு முதல் வீட்டு விலைக் குறியீட்டை வெளியிட்டு வருகிறது. அது 50 நகரங்களைப் பற்றியது. பெரம்பலூரோ அரியலூரோ அதில் இல்லை. எனவே பெருநகரக் குறியீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரும்பாவூர் மனைக்குச் சோதிடம் சொல்வது பொருந்தாது.

உலகம் தந்த பாடம்

வீட்டு விலை விழவே விழாது என்பவர்களுக்கு வரலாறு மறுமொழி கூறுகிறது. ஜப்பானில் 1991இல் உச்சத்தைத் தொட்ட நகர நில விலை, அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து இறங்கியது. அயர்லாந்தில் 2007க்கும் 2013க்கும் இடையே வீட்டு விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. அமெரிக்காவில் 2006 முதல் 2012 வரை நாடு தழுவிய குறியீடு கால் பங்குக்கு மேல் சரிந்தது.

ஆனால் அதே அமெரிக்காவுக்குள்ளும் வேற்றுமை இருந்தது. பாலைவனத்தில் புதிது புதிதாக வீடு கட்டிக் குவித்த லாஸ் வேகஸ் நகரில் விலை பாதிக்கும் கீழே போயிற்று. டல்லஸ் நகரிலோ ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குறைந்தது. ஒரே நாடு, ஒரே நாணயம், ஒரே வங்கி முறை. இருந்தும் ஊருக்கு ஊர் விளைவு வேறு. எங்கே கடனும் ஊகமும் மிகுந்திருந்தனவோ அங்கே வீழ்ச்சியும் மிகுந்தது என்பது இதனால் புலப்படும்.

நம் நாட்டு நிலை

அமெரிக்க வீழ்ச்சியின் விசை கடன். தவணை கட்ட முடியாதவர்களின் வீடுகளை வங்கிகள் ஒரே நேரத்தில் ஏலத்துக்குக் கொண்டுவந்தன, விற்பவர் பெருகி வாங்குபவர் குறைந்தனர், விலை சரிந்தது. நம் சிற்றூர்களில் மனை வாங்குவோரில் பலர் வங்கிக் கடனின்றிக் கைப்பணத்தில் வாங்குகின்றனர். விலை குறைந்தால் விற்க மாட்டார்கள், காத்திருப்பார்கள். வங்கிக் கடனுக்கும் வரம்பு உண்டு. 30 இலட்சம் வரையிலான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தருவதை ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. கடன் தொகை உயர உயர இவ்வரம்பு குறைகிறது.

அதனால் நம்மிடம் தேக்கமே வராது என்பதன்று. 2016 செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாயின. மனை வணிகம் மந்தமுற்றது. 2017 ஜூன் 9 முதல் தமிழக அரசு வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தியது. (2023இல் இக்கட்டணம் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.) தாளில் உள்ள மதிப்பு ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு இறங்கியபோதும், சொல்லும் விலையை அவ்வாறு இறக்கிக்கொண்ட உரிமையாளர் அரியர். நம் நாட்டில் வீழ்ச்சி வருமுன் விற்பனை நின்றுவிடுகிறது. விலை நிற்கிறது, ஆனால் வாங்க ஆளில்லை.

ஊருக்கு ஊர்

நம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர் நகரம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ளது. 1995 முதல் மாவட்டத் தலைநகராகவும் திகழ்கிறது. அலுவலர், மாணவர், வணிகர் ஆகியோருக்கு அங்கு வீடு வேண்டும். வாடகைக்குக் குடியிருக்க ஆள் உள்ள இடத்தில் விலைக்கு ஓர் அடித்தளம் உண்டு.

எறையூர்ப் பகுதியின் கதை வேறு. சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென 2007ஆம் ஆண்டை ஒட்டி இம்மாவட்டத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. ஆலைகள் வருமென்று மக்கள் எதிர்பார்த்தனர், ஆண்டுகள் உருண்டன. 2022 நவம்பரில்தான் எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவும் காலணித் தொழிலுக்கான அடிக்கல்லும் கண்டோம். அறிவிப்பை நம்பி மனை வாங்கியவர் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க நேரும் என்பதே இதன் பாடம். அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரி மின்திட்டத்துக்கென 1990களில் நிலம் எடுக்கப்பட்டது. திட்டமோ இறுதியில் கைவிடப்பட்டது.

இன்னும் பின்னோக்கின் கங்கைகொண்ட சோழபுரம் நம் கண்முன் நிற்கிறது. முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அந்நகரம் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பேரரசின் தலைநகராய் விளங்கியது. இன்று அது ஒரு சிற்றூர். மண் மாறவில்லை, மண்ணுக்கு மதிப்புத் தந்த ஆட்சியும் வணிகமும் அகன்றன. மதிப்பு மண்ணில் இல்லை, மண்ணின்மீது நடக்கும் வாழ்வில் உள்ளது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

அரும்பாவூருக்கு வருவோம். பச்சைமலையின் அடிவாரத்தில் அமைந்த இப்பேரூரில் நிலத்தின் மதிப்பைத் தாங்குபவை இரண்டு: ஒன்று வேளாண்மை, மற்றொன்று 2020இல் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்பத் தொழில். கிணற்றில் நீருள்ள காணி ஆண்டுதோறும் வருவாய் தரும்; அதன் விலைக்கு விளைச்சல் பொறுப்பேற்கிறது. அதே காணியைக் கல் நட்டு மனைகளாக்கி விற்றால், இனி அதன் விலைக்கு அடுத்து வாங்குபவரின் ஆசையே பொறுப்பு. வீடு கட்டப்படாத மனைப்பிரிவில் முளைப்பது கருவேலமுள்தான்.

ஓசையில்லாத வீழ்ச்சி

ஒருவர் 5 இலட்சம் ரூபாய்க்கு மனை வாங்கினார் என்று கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 45,000 ரூபாய் வாங்கிய அன்றே செலவாகிறது. பத்தாண்டுக்குப் பின்னும் அதே 5 இலட்சத்துக்குத்தான் விலை போகிறது. "போட்ட பணம் குறையவில்லை" என்று அவர் மகிழ்வார். ஆனால் விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறியிருப்பின், அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 2 இலட்சத்து 79 ஆயிரமே. 44 விழுக்காடு சரிந்துவிட்டது; ஓசைதான் கேட்கவில்லை.

கடன் வாங்கியவர் நிலை இன்னும் கடினம். 20 இலட்ச ரூபாய் வீட்டுக்குக் கைப்பணம் 4 இலட்சம், கடன் 16 இலட்சம் என்போம். வாங்கிய சில காலத்தில் விலை 20 விழுக்காடு குறைந்தால் கைப்பணம் முழுவதும் மறைந்துபோம். 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 14,400 ரூபாய். விலை இறங்கினாலும் தவணை இறங்காது. வெங்காயம் விலை போகாத ஆண்டிலும் அது நிற்காது.

முடிவுரை

"சரியும்" என்பாரும் "சரியாது" என்பாரும் ஒரு தவற்றைப் பொதுவாகச் செய்கின்றனர். எல்லா ஊர்களையும் ஒரே ஊராகக் கருதுகின்றனர். கடனும் ஊகமும் மிகுந்த இடத்தில் விலை வெளிப்படையாக விழும். கைப்பணத்தில் வாங்கிக் காத்திருக்கும் இடத்தில் அது ஓசையின்றித் தேயும். வேலையும் குடியிருப்பாரும் உள்ள இடத்தில் நிலைத்து நிற்கும்.

ஆகவே மனை வாங்க எண்ணும் குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. இங்கே வாடகைக்கு வருவார் உண்டா? சுற்றியுள்ள மனைகளில் எத்தனை வீடுகள் எழுந்துள்ளன? அண்மையில் உண்மையாகப் பதிவான விலை என்ன? நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரமும் வில்லங்கச் சான்றும் பட்டாவும் சரியாக உள்ளனவா? ஓராண்டு வருவாய் பொய்த்தாலும் தவணை கட்ட இயலுமா? குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு விலைச் சரிவு பெரும் கேடன்று, நிழல் குறைவதில்லை. மகளின் திருமண நாளன்று விற்றுவிடலாம் என்று வாங்கும் மனைக்கோ, வாங்குவார் இல்லாமையே பெருங்கேடு.

பெரியவர்களின் வாக்கைப் பொய்யென்று தள்ள வேண்டியதில்லை. மண்ணிலே போட்ட காசு வீண் போகாதுதான். அம்மண்ணில் விளைச்சலோ வாழ்வோ இருக்கும்வரை.