முட்டிக்குக் கீழே ஒரு மேடு

இதைப் படிக்கும்போதே குனிந்து உங்கள் முட்டியைத் தொட்டுப் பாருங்கள். உருண்டையாக நகருவது முட்டிச் சில்லு. அதற்குக் கொஞ்சம் கீழே எலும்பில் சின்ன மேடு ஒன்று தட்டுப்படும். எல்லாருக்கும் உண்டு. எனக்கு வலது காலில் அது பாதி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்கிறது. (படத்தில் சிவப்பு ஸ்கெட்ச்சில் வட்டம் போட்ட இடம்.)

எட்டாவது அரைப்பரீட்சை லீவிலிருந்து அங்கே வலி. கோகோவில் உட்கார்ந்து எழுந்து ஓடும்போதும், மண்டி போட்டு வீடு துடைக்கும்போதும் உயிர் போகும். வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். ஆயா வாயு என்றார்கள். மாமா, "வேலை செய்யாம இருக்க நடிக்கிறா" என்றார். பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மெதுவாக, "கட்டியா இருக்கப் போவுதும்மா" என்று சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அம்மா தூங்கவே இல்லை. மறுநாள் ஷூ கம்பெனிக்கு லீவு சொல்லி, ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று என்னை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள்.

டாக்டரம்மா ஒரே விரலால் அந்த மேட்டை அழுத்தி, "இங்கதானே?" என்றார்கள். நான் கத்திவிட்டேன். எக்ஸ்ரே பார்த்துவிட்டு ஒரு பேர் சொன்னார்கள்: ஆஸ்குட் ஷ்லாட்டர். வாயில் நுழையவில்லை அல்லவா? அது இரண்டு டாக்டர்களின் பெயர். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத்து கார்ல் ஷ்லாட்டர். இரண்டு பேரும் 1903-ல் தனித்தனியாக இதைப் பற்றி எழுதினார்கள். ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். அதற்குப் பிறகு எட்டே வருஷம்!

சரி, உள்ளே என்ன நடக்கிறது? தொடையின் முன்பக்கத் தசை உடம்பிலேயே பலமான தசைகளில் ஒன்று. நம்ம வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினாரே, அவருக்கு அதற்கு முன் அடிபட்டிருந்ததும் இந்தத் தசைதான். இது முட்டிச் சில்லைப் பிடித்துக்கொண்டு, கீழே தசைநாணாக இறங்கி, நான் சொன்ன மேட்டில் ஒட்டியிருக்கிறது. குதித்தாலும் ஓடினாலும் அந்த ஒரு இடத்தைத்தான் இழுக்கும். சதீஷ் அண்ணனுக்கு அப்போது 25 வயசு, எலும்பு முற்றிவிட்டது. நம்ம வயசில் அந்த மேடு இன்னும் குருத்தெலும்பு. ஆம்பூர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், செருப்பு வாரைப் பதனிடாத தோலில் தைத்து, தினம் நூறு தடவை இழுத்தால் எப்படி இருக்கும்? தையல் போட்ட இடம் புண்ணாகும். அதுதான் வலி. புண் ஆறும்போது எலும்பு கூடுதலாக வளரும். அதுதான் மேடு. நாம் சட்டென்று உயரும்போது எலும்பு முந்திக்கொள்ளும், தசை இறுகிப்போகும், இழுப்பு இன்னும் அதிகம். பெண்பிள்ளைகளுக்குப் பையன்களை விட ஓரிரு வருஷம் முன்னாலேயே வரும்.

எலும்பு முற்றியதும் வலி பெரும்பாலும் தானே நின்றுவிடும். மேடு மட்டும் தங்கலாம். "ஆபரேஷனாம்மா?" என்று அம்மா கேட்டதற்கு டாக்டரம்மா சிரித்துவிட்டார்கள். விளையாட்டை அடியோடு விட வேண்டாம், குதிப்பதையும் ஓடுவதையும் குறை, மறுநாள் காலையில் வலி கூடியிருந்தால் நேற்று ஆடியது அதிகம் என்று அர்த்தம் என்றார்கள். விளையாடி முடித்ததும் ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைக்கணும். சுவரைப் பிடித்து நின்று, கணுக்காலைப் பின்னால் மடக்கிப் பிடித்து, முப்பது எண்ணும் வரை தொடையை இழுத்து நிற்கணும். மேட்டின் மேல் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது வேண்டாம். வலி மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும்.

எங்கள் டீமில் இன்னும் ஒருத்தி ஜோனல் செலக்‌ஷன் போய்விடும் என்று வலியை மறைக்கிறாள். அவள் இதைப் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கையையும் காலையும் கவனித்தார். வலி தெரியாததால்தான் அவர்கள் சூட்டிலும் முள்ளிலும் காயம் பட்டு விரல்களை இழக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். நமக்கு வலி தெரிகிறதே!

எல்லா முட்டி வலியும் இதுவும் இல்லை. இதைக் கட்டாயம் படியுங்கள். ராத்திரி தூக்கத்தை எழுப்புகிற வலி, சும்மா உட்கார்ந்திருந்தாலும் விடாத வலி, காய்ச்சலோடு முட்டி முழுக்கச் சூடாக வீங்குவது, உடம்பு இளைப்பது, கால் மடங்கிப் பூட்டிக்கொள்வது, குதித்ததும் 'டப்' என்று கேட்டு காலை நீட்டவே முடியாமல் போவது, இதில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். நொண்டி நடந்தால் இடுப்பையும் பார்க்கச் சொல்லணும். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் சில பேருக்கு முட்டியில்தான் வலிக்குமாம்!

பி.டி. டீச்சரிடம் சொல்லிவிட்டேன். இப்போது பிரேயருக்கு முன்னால் வேப்பமரத்தடியில் நாலு பேர் தொடையை இழுத்து நிற்கிறோம். வலி இருக்கிறவர்கள் வரலாம். டீச்சரிடம் கேட்க வெட்கமாக இருந்தால் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில், ஜன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் இருக்கிறேன்.